பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைத் தூசி பறக்காமல் கூட்டுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் திறக்கிற வீடுகள் ஏராளம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூட்டைத் திறந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். கோளாறே அங்கேதான். காய்ந்த தூசியை அப்படியே கூட்டினால் பருமண் மூலைக்குப் போகும், நுண்தூள் மேலே கிளம்பி மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் அடிவரை இறங்குவது அந்த நுண்தூள்தான். பழைய வீடென்றால் அதில் உதிர்ந்த சுண்ணாம்பும் பூஞ்சையும் எலி, வௌவால் புழுக்கையும் சேர்ந்தே கிடக்கும். எனவே நனைத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். வாசல் தெளித்துக் கூட்டுகிற அதே கணக்கு.

தேவையானவை

ஆளுக்கு 2 என்95 முகக்கவசம், கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, 5 லிட்டர் கைப்பம்புத் தெளிப்பான், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், ஒரு சாக்கு மரத்தூள், நீளக் கம்பு, தடித்த பிளாஸ்டிக் பைகள். தெளிப்பான் புதிதாக இருக்கட்டும். வயலுக்கு மருந்தடித்ததை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

மூக்கில் கட்டும் துண்டு நுண்தூளை நிறுத்தாது. முகக்கவசத்தின் இரண்டு பட்டைகளையும் தலைக்குப் பின்னால் போட்டு, மூக்குக் கம்பியை இரு கை விரலாலும் அழுத்துங்கள். பலமாக மூச்சு விடும்போது கண்ணோரம் காற்று அடித்தால் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வேலைக்கு வேண்டாம்.

1. கதவைத் திறந்துவிட்டு வெளியே நில்லுங்கள்

முகப்பிலிருந்து பின்கட்டு வரை இந்த வீடுகளில் வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி வேலை செய்ய வேண்டும். மின்விசிறியைப் போடாதீர்கள், இறக்கை மேல் இருக்கிற ஒரு வருடத் தூசி உங்கள் தலையில்தான் கொட்டும். ஒரு பழைய தலையணை உறையை இறக்கைக்கு மாட்டி, மேலே அழுத்திப் பிடித்தபடி வெளியே இழுத்தால் தூசி உறைக்குள் விழும்.

2. மேலிருந்து கீழே

ஒட்டடைக் கம்பு நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் நன்றாகப் பிழிந்த துணி போதும். பொருக்கு விட்ட சுண்ணாம்புச் சுவரை உலர்வாகச் சுரண்டக் கூடாது.

3. முற்றத்துச் சருகு

முதலில் கம்பால் புரட்டுங்கள். தேளும் பாம்பும் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பிறகு பூவாளியால் தெளியுங்கள். மேல் இலை நனைந்தாலும் அடியில் மக்கிய தூள் உலர்ந்தே இருக்கும். பூஞ்சை அதிகம் இருப்பதும் அங்கேதான். பாதி அள்ளியதும் இன்னொரு முறை தெளியுங்கள். குழாய் வைத்து அடித்தால் சருகு தண்ணீர் போகிற தூம்பில் அடைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் முற்றமே குளமாகும். அள்ளிய இலையைக் கொளுத்த வேண்டாம். தென்னைக் குழியில் போடுங்கள்.

4. ஆத்தங்குடித் தரை

10க்கு 10 அடி அறைக்குச் சுமார் ஒரு படி மரத்தூள் வேண்டும். நனைத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கடைசி மூலையில் தூவி, வாசலை நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். நுண்தூள் மரத்தூளில் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் அதிகமானால் சேறாகிக் கல்லின் இடுக்கில் ஏறும். டீத்தூள் சக்கையைச் சிலர் சொல்வார்கள். வெளிர் நிறக் கல்லில் கறை விழும். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட் கல், ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் போகும்.

சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். ஹெப்பா வடிகட்டி இல்லாதது முன்னால் உறிஞ்சி, பின்னால் நுண்தூளை ஊதிவிடும்.

5. புழுக்கை, எச்சம்

இதில் அவசரம் ஆகாது. வௌவால், புறா எச்சத்தின் தூள் வழியாக நுரையீரல் தொற்று வரலாம். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சோப்புத் திரவம் கலந்து, பீய்ச்சி அடிக்காமல் மெல்லத் தெளியுங்கள். காய்ந்த எச்சத்தில் வெறும் தண்ணீர் உருண்டு ஓடும், சோப்பு இருந்தால்தான் உள்ளே இறங்கும். 10 நிமிடம் ஊறட்டும். நொறுக்கிப் பார்க்கையில் உள்ளே உலர்ந்திருந்தால் மறுபடி தெளித்துவிட்டு, தகட்டால் அள்ளி இரண்டு பைக்குள் கட்டுங்கள்.

எலிப் புழுக்கைக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர். 5 நிமிடம் விட்டுத் துணியால் எடுங்கள். அந்த இடத்தில் பாத்ரூம் ஆசிட் படவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மாடியறையில் எச்சம் அங்குலக் கணக்கில் படிந்திருந்தால் உரிய கருவி உள்ள ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

6. முடித்த பிறகு

உடுப்பை உதறாமல் வாளித் தண்ணீரில் முக்குங்கள். முகக்கவசத்தைக் கடைசியாக, பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள். அதைத் துவைத்தால் தூசியைப் பிடிக்கிற மின்னேற்றம் போய்விடும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வௌவால் எச்சம் அள்ளியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளிக்கே மருந்து எழுதுவார்.