ரிப்பீட் ஜோக்கை ரிப்பேர் பார்க்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் முதல் டப்பிங் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து காட்டினார். அனிமேஷன் குடும்பத் தொடர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், எரிந்து விழும் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றாவது எபிசோடில் அப்பா சொல்லும் ஒரு வசனத்துக்குப் பென்சிலால் வட்டம் போட்டேன். ஐந்தாவதில் இன்னொரு வட்டம், எட்டாவதில் இன்னொன்று. மூலத்தில் மூன்று இடத்திலும் ஒரே வார்த்தைதான். தமிழில் மூன்றும் மூன்று விதம். கேட்டால், "ஒரே மாதிரி இருந்தா போரடிக்குமே அண்ணா" என்றார்.

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அட்சரம் பிசகாமல் இதைத்தான் சொன்னேன்.

வாயசைவு பொருந்தாதது, டைம்கோடு தப்பாகப் போட்டது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் சவுண்ட் என்ஜினியர் முதல் நாளே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவர் காதுக்குத் தப்பி, டிவி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும் தவறுகள்தான் விஷயம்.

மாற்றி மாற்றி எழுதுவது

திரும்பத் திரும்ப வரும் ஜோக்கை இங்கிலீஷில் ரன்னிங் கேக் என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் பேக்கரி ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் ரிப்பீட் ஜோக் என்போம்.

எனக்கு வந்த முதல் பெரிய தொடரில் ஒரு அப்பா. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வார். இடித்ததும் ஒரே வசனம்: "யாரு வெச்சா இதை?" வீட்டைக் கட்டியதே அவர்தான். எபிசோடுக்கு ஒரு முறை இது வரும். முதல் எபிசோடில் மூலத்தில் இருந்தபடி எழுதினேன். இரண்டாவதிலும் அதே வரியைப் பார்த்ததும் கை அரித்தது. "இந்த வீட்டுல எனக்கு மேல ஒருத்தன் இருக்கான்னு இப்பத்தான் தெரியுது" என்று மாற்றினேன். ரெக்கார்டிங் தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். அது போதாதா? அடுத்ததில் "உனக்கும் எனக்கும் என்ன வாய்க்கா தகராறு?" அதற்கும் சிரிப்பு. வாரம் ஒரு புது வரி. நான்தான் இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்துகிறேன் என்ற நினைப்பே வந்துவிட்டது.

எபிசோடுகள் ஐந்தைந்தாக வரும். முழுத் தொடரையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதும் வசதி எங்களுக்கு இல்லை. இருபத்திரண்டாவது எபிசோட் வந்தது. அதுவரை பேச்சே வராத கைக்குழந்தை மேஜைக்கு அடியில் தவழ்கிறது. எழுந்திருக்கும்போது தலை இடிக்கிறது. குழந்தை நெற்றியைச் சுளித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முதலாகப் பேசுகிறது: "யாரு வெச்சா இதை?"

குடும்பமே உறைந்து நிற்கிறது. அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நாலு விநாடி அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தொரு வாரமாக ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்து வைத்தது அந்த நாலு விநாடிக்குத்தான். தமிழில் அப்பா அந்த வரியை முதல் எபிசோடில் ஒரே ஒரு முறை சொன்னதோடு சரி. குழந்தை ஏதோ சொல்கிறது, எல்லோரும் ஏனோ முறைக்கிறார்கள்.

பதினோராவது எபிசோடிலிருந்து பழைய வரியைப் போட்டு மறுபடி ரெக்கார்ட் செய்தோம். அப்பாவுக்குக் குரல் கொடுத்தவரை அரை நாள் கூப்பிட வேண்டியிருந்தது, அந்தப் பணம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நியாயம்தான். முதல் பத்து எபிசோட் ஏற்கெனவே ஒளிபரப்பாகிவிட்டதால் கை வைக்க முடியவில்லை. மறு ஒளிபரப்பில் இன்றைக்கும் அவை என்னுடைய புத்திசாலித்தனத்தோடுதான் வருகின்றன. அக்கா பையன் அந்த இருபத்திரண்டாவதைப் பார்த்துவிட்டு, "மாமா, பாப்பா சொன்னதுக்கு ஏன் எல்லாரும் அப்பாவைப் பாக்குறாங்க?" என்று கேட்டான். டிவியை அணைத்துவிட்டேன்.

இந்த ரகத் தொடர்களில் பெரிய அண்ணன் தி சிம்ப்சன்ஸ். 1987ல் வேறொரு நிகழ்ச்சிக்குள் வரும் துண்டுப் படங்களாகப் பிறந்து, 1989 டிசம்பரில் தனித் தொடரானது. அதில் அப்பா ஹோமர் ஏதாவது சொதப்பியதும் "டோ!" என்பார். ஸ்கிரிப்டில் அந்த வார்த்தை இருக்காது. எரிச்சலான முனகல் என்று குறிப்பு மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்து டோவை உண்டாக்கியவர் ஹோமரின் குரல், டான் காஸ்டெல்லனெட்டா. லாரல் ஹார்டி படங்களில் மீசையோடு வந்து எரிச்சல்படும் ஜேம்ஸ் ஃபின்லேசன் "டோ…ஓ…" என்று இழுப்பாரே, அதை எடுத்தார். அனிமேஷனில் இவ்வளவு நீளம் தாங்காது என்று தொடரை உருவாக்கிய மேட் க்ரேனிங் சுருக்கச் சொன்னார். 2001ல் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. வாரம் ஒரு முனகல் என்று மாற்றியிருந்தால் எந்த அகராதி சேர்த்துக்கொண்டிருக்கும்?

சரி, நாம் அதற்கு "ச்சே!" என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994ல் வந்த ஒரு எபிசோடில் ஹோமர் காரை ஒரு மான் சிலையின் மீது மோதுகிறார். "டோ!" என்கிறார். உடனே மகள் லிசா, "மான்!" அம்மா மார்ஜ், "பெண் மான்!" ஆங்கிலத்தில் டோ என்றால் பெண் மான். தி சவுண்ட் ஆஃப் மியூசிக் படத்தில் குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லித்தரும் பாட்டின் பல்லவி அந்தச் சொல்லில்தான் தொடங்கும். மூன்று பேர் ஆளுக்கு ஒரு துண்டாக அந்தப் பல்லவியின் முதல் வரியை முடித்துவைக்கிறார்கள். "ச்சே, மான், பெண் மான்" என்று தமிழில் வந்தால் அது ஏதோ விலங்கியல் வகுப்பு. ஆகவே ஒலியாக வருவதை ஒலியாகவே விடுங்கள். அதற்கு ஓர் அர்த்தம் கொடுத்துவிட்டால் பின்னால் எங்கே வந்து இடிக்கும் என்று தெரியாது.

எல்லா ரிப்பீட் ஜோக்கும் மாறாமல் நிற்பதில்லை என்பதும் உண்மை. சிம்ப்சன்ஸ் தொடக்கக் காட்சியில் குடும்பம் ஓடிவந்து சோபாவில் உட்காரும். ஓடிவருவது மாறாது, உட்கார்ந்ததும் என்ன ஆகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். எபிசோட் நீளம் குறைந்தால் இந்தச் சோபாக் காட்சியை நீட்டிச் சரிக்கட்டுவதும் உண்டு. ஒவ்வொரு ஜோக்கிலும் எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பாருங்கள். நிற்பதைத் தொடாதீர்கள். ஓடுவதில் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டலாம், யாரும் தடுக்கவில்லை.

நான் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தொடருக்கு ஒரு நோட்டு. எந்த வசனம் இரண்டாவது முறை வந்தாலும் அதில் ஏறிவிடும்: யார் சொன்னது, எந்த எபிசோட், தமிழில் என்ன எழுதினேன். தொடர் பாதியில் இன்னொருவர் கைக்குப் போனால் நோட்டும் கூடவே போகும்.

பெயரின் ஓசையைப் பிடித்துத் தொங்குவது

சிம்ப்சன்ஸில் மகன் பார்ட், மோ என்பவரின் மதுக்கடைக்குப் போன் போட்டு ஒரு பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்பான். மோ அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்துவார். கத்தியதும்தான் அது பெயரில்லை, தன்னையே கேவலப்படுத்தும் ஒரு வாக்கியம் என்று தெரியும். முதல் சீசனிலிருந்தே இருக்கும் ஜோக்.

இதைக் கொடுத்தால் புதியவர்கள் ஆங்கிலப் பெயரின் ஓசைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடி இரண்டு நாள் ஓட்டுகிறார்கள். ஓசை யாருக்கு வேண்டும்? கத்துகிறவன் தன் வாயாலேயே மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பையன் கேட்கட்டும்: "அங்கே அறிவு இருக்காருங்களா?" கடைக்காரர் திரும்பி, "ஏம்ப்பா, இங்கே அறிவு இருக்கா?" கடையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மறுபடி போனில், "தம்பி, எங்ககிட்ட அறிவு இல்லப்பா." அறிவு என்பது நம் ஊரில் நிஜமாகவே ஆள் பெயர் என்பதால் கடைக்காரர் ஏமாந்ததை நம்ப முடிகிறது. "பைத்தியநாதன்" என்று ஒருவர் எழுதினார். அதைக் கேட்டு ஏமாறுகிற கடைக்காரர் உலகத்தில் இல்லை.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுவது

கிங் ஆஃப் த ஹில், 1997ல் தொடங்கிய தொடர், டெக்சாஸில் நடக்கிறது. அதில் பூச்சி மருந்து அடிக்கும் டேல் என்றொருவர். உலகத்தில் எது நடந்தாலும் அரசாங்கச் சதி என்பார். அவருடைய மகன் ஜோசப் சாயலில் அப்படியே குடும்ப நண்பர் ஜான் ரெட்கார்ன். தெருவுக்கே தெரியும். எல்லாச் சதியையும் கண்டுபிடிக்கிற டேலுக்கு மட்டும் தெரியாது. அவர் "என் பையன் என்னை மாதிரியே" என்று பூரிக்கும்போது, சுற்றி நிற்பவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஜோக் முழுவதும் அந்தத் தாழ்ந்த கண்களில்தான் இருக்கிறது.

இங்கே போய் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் வாயில் "பாவம், இவனுக்குத் தெரியலையே" என்று ஒரு முணுமுணுப்பை வைத்தால் தொலைந்தது. ரசிகருக்குப் புரியாதோ என்ற பயம் நமக்கு எப்போதும் உண்டு. புரியும். நம் குடும்பங்களிலும் ஊருக்கெல்லாம் தெரிந்து ஒருவருக்கு மட்டும் தெரியாத சங்கதிகள் இல்லாமலா இருக்கின்றன?

முதுகு தெரிந்தால் வசனம் போடுவது

டப்பிங்கில் இது பழைய வியாதி. பாத்திரம் திரும்பி நின்றால், வாய் தெரியவில்லை என்றால், இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒரு வெறி.

1993ல் வந்த சிம்ப்சன்ஸ் எபிசோட் ஒன்றில் சைட்ஷோ பாப் என்ற வில்லன், தரையில் கிடக்கும் சருகு வாரும் வாரியை மிதிக்கிறான். கைப்பிடி எழும்பி முகத்தில் அறைகிறது. ஒரு முனகல். அடுத்த அடி, இன்னொரு வாரி, இன்னொரு அறை, அதே முனகல். இப்படி ஒன்பது முறை. எபிசோட் நீளம் போதவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டினார்கள். மூன்றாவது அறையில் சிரிக்கிறோம், ஐந்தாவதில் "போதும்பா" என்று தோன்றுகிறது, எட்டாவதில் அடக்க முடியவில்லை. ஆறாவது அறைக்கு "ஐயோ, இன்னொன்னா!" என்று ஒரு வசனம் எழுதிப் பாருங்கள். அத்தோடு முடிந்தது. அவனுக்கே தெரிந்துவிட்டால் நாம் எதற்குச் சிரிக்க வேண்டும்?

சிரிப்பு முந்திக்கொள்வது

1960ல் வந்த தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் மாதிரியான பழைய தொடர்களில் பின்னணிச் சிரிப்பொலி உண்டு. இசையும் சத்தங்களும் உள்ள ட்ராக்கிலேயே சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டால் நம்மால் நகர்த்த முடியாது. தமிழ் வாக்கியமோ பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் முடியும். "அவன் என் பல்செட்டைத் திருடிட்டான்" என்றால் பல்செட்டுக்கே சிரிப்பு வெடித்து, திருடியது அதில் மூழ்கிப் போகும். "அவன் திருடினது என்னன்னு நினைக்கிறே? என் பல்செட்டு" என்று திருப்பிப் போடுங்கள். சிரிப்பொலி இல்லாத தொடருக்கும் இதே கணக்குதான்.

போர்டில் இருப்பதைப் படித்துக் காட்டுவது

பாப்ஸ் பர்கர்ஸ் என்ற அனிமேஷன் தொடரின் தொடக்கக் காட்சியில் பக்கத்துக் கடையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறும், பூச்சி மருந்து வண்டியின் பெயரும் மாறும். கண்ணில் பட்டால் பட்டது, தப்பினால் தப்பியது. ஒரு பாத்திரத்தை நிறுத்தி வாசிக்க வைக்காதீர்கள்.

டிரெண்டிங் சினிமா வசனம்

மூன்று மாதத்தில் ஊசிப்போகும்.

வேலைக்காரருக்கு ஒரு வட்டார வழக்கு

வேண்டாம்.

வாங்க, போங்க

தம்பியின் ஸ்கிரிப்டில் கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. க்ரேயான் ஷின்சானில், 1992ல் டிவியில் தொடங்கிய காலத்திலிருந்தே, ஒரு ஜோக் உண்டு. ஜப்பானில் வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் "தடைமா" என்று சொல்லிக்கொண்டே நுழைய வேண்டும், வந்துவிட்டேன் என்பது போல. உள்ளே இருப்பவர் "ஒகாயேரி" என்று வரவேற்பார். ஷின்சான், அதாவது ஷின்னோசுகே என்ற அந்தப் பையன், வெளியிலிருந்து வந்து, தானே "ஒகாயேரி" என்பான். அம்மா மிசாயே திருத்துவாள். அடுத்த நாளும் அதேதான். இப்படி ஒன்று வந்தால் தமிழில் என்ன செய்வது என்று கேட்டார்.

வீட்டுக்குள் வரும்போது நமக்கு இப்படிக் கட்டாயமான சொல் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவோம். ஆனால் வருகிறவரை வரவேற்க இருக்கிறது. பையன் கதவைத் திறந்து, பெரிய மனிதன் தோரணையில் "வாங்க, வாங்க!" என்று சொல்லிக்கொண்டு தானே உள்ளே வரட்டும். "வந்துட்டேன்மான்னு சொல்லுடா!" என்று அம்மா கத்தட்டும். வாயசைவுக்கும் ஏறக்குறைய உட்காரும். கிளம்பும்போது வரும் காட்சி இன்னும் சுலபம். "போயிட்டு வரேன்" சொல்ல வேண்டியவன் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் தீர்ந்தது. எது எழுதினாலும் கடைசி எபிசோட் வரைக்கும் அதே சொல்தான், நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

தலையாட்டிக்கொண்டே ஸ்கிரிப்டைப் பையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, நாற்காலியிலிருந்து அசையாத என்னைப் பார்த்து, "அப்ப போயிட்டு வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.