வீட்டுக் கரைசல் தெளிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தோட்டம் போடத் தொடங்கிய நண்பர் ஒருவர், செடிப் பூச்சிகளுக்குத் தெளிக்கத் தாம் கலக்கிய வேப்பெண்ணெய்க் கரைசலைச் சென்ற வாரம் என்னிடம் பெருமையோடு காட்டினார். தெளிப்பானில் தண்ணீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் தனித்தனியே நின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில்தான் செடிகளுக்கு முன்னால் நின்றேன் என்பதால் சிரிக்க மனம் வரவில்லை. மிளகாய் அரைக்கும்போது கண்ணைக் கசக்கக் கூடாது என்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அனுபவம் வந்த பின்னும் பலர் கவனிக்காத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

குலுக்கினால் எண்ணெய் கலந்துவிடும் என்று நம்புவது

தெளிப்பானின் குழாய் அடியிலிருந்தே உறிஞ்சும். எண்ணெய் மேலே மிதந்தால் முதல் சில செடிகளுக்கு வெறும் தண்ணீரும், கடைசிச் செடிக்குக் கிட்டத்தட்ட வெறும் எண்ணெயும் போய்ச் சேரும். என் தோட்டத்தில் வரிசையின் தொடக்கத்தில் இருந்த கத்தரிச் செடிகளில் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி அப்படியே இருக்க, கடைசியில் இருந்த இரண்டு செடிகளின் இலைகள் மட்டும் ஓரம் கருகிச் சுருண்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது. முதலில் ஒன்றிரண்டு மில்லி திரவச் சோப்பை அரைக் குவளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் 5 மில்லி எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பால் நிறம் வரும்வரை கலக்கி, அதன் பிறகே 1 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். தெளித்துக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே குலுக்குவது நல்லது.

சலவைத்தூளைச் சோப்பு என்று கருதுவது

சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் உப்பு. சலவைத்தூள் வேறு வகை வேதிப்பொருள். அது இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சை எளிதில் கரைத்துவிடும். நல்ல சோப்பாக இருந்தாலும் உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிதிரியாகப் பிரிந்து வீணாகும் என்பதால், மழைநீர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

உச்சி வெயிலில் தெளிப்பது

மாலையில் தெளியுங்கள்.

இயற்கை மருந்து நல்ல பூச்சிகளை ஒன்றும் செய்யாது என்று எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எனக்கு அதிக இழப்பைத் தந்ததும் இதுதான்.

ஒரு கோடையில் என் செம்பருத்திச் செடிகளின் கொழுந்துகளில் மாவுப்பூச்சி அடையாகப் பிடித்திருந்தது. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அவற்றின் நடுவே அதே வெண்மையில், ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, பஞ்சுத் திரிகள் தொங்கும் உடலோடு சில உருவங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மாவுப்பூச்சிதான் கொழுத்துப் பெருத்துவிட்டது என்று முடிவுசெய்து, சோப்புக் கரைசலை அவற்றின் மேல் குறிபார்த்துத் தெளித்தேன். பெரியவை அனைத்தும் அன்று மாலையே விழுந்துவிட, நான் வெற்றிபெற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

நான் கொன்றவை கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுக்கள். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த வண்டு, மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே 1890-களில் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் உலகின் பல பகுதிகளிலும் விடப்பட்டது. அதன் புழு, தான் தின்னும் இரையைப் போலவே மெழுகுத் திரிகளைப் போர்த்தியிருப்பதால், அறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நான் மிச்சம் விட்டவையோ மாவுப்பூச்சியின் முட்டைப் பைகள். ஒவ்வொரு பையிலும் சில நூறு முட்டைகள் இருக்கக்கூடும். அவற்றைச் சுற்றியுள்ள மெழுகுப் பஞ்சு தண்ணீரை ஒட்டவிடாது. பத்து நாட்களுக்குள் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளைத் தின்ன வேண்டிய புழுக்களோ இல்லை. நான்கு செம்பருத்திகளில் மூன்றை வேரோடு பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். மெல்லிய தூரிகையின் நுனியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லது மிக மெதுவாக நகரும். பொறிவண்டின் புழு விரைந்து நடந்துபோகும். அசுவினிக் கூட்டத்துக்கும் இது பொருந்தும். முதலைக் குட்டியைப் போன்ற உடலும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட கருநிறப் புழு தெரிந்தால், அது அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழு. இதைப் படம் எடுத்து அனுப்பி, ‘இதற்கு என்ன தெளிப்பது?’ என்று கேட்பவர்கள் இன்றும் குறையவில்லை. அசுவினிகளுக்கிடையே சில உப்பிப் பழுப்பேறி அசைவற்று இருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது என்று பொருள். அந்த இலைகளையும் விட்டுவிடுங்கள்.

சோப்புக் கரைசல் மென்மையான உடலுள்ள எந்தப் பூச்சியின் மேல் நேராகப் பட்டாலும் கொல்லும். ஆகவே பொறிவண்டுப் புழு போன்ற காவலர்கள் இருக்கும் கிளையை ஈரப் பஞ்சால் துடைத்தோ, அசுவினியானால் தண்ணீரைப் பீய்ச்சியோ சுத்தம் செய்துவிட்டு, அவர்கள் இல்லாத கிளைக்கு மட்டும் தெளிக்கலாம். எறும்புகள் ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைப் பாதுகாத்து, பொறிவண்டுகளை விரட்டிவிடும்.

ஒரே முறையோடு நிறுத்துவது

சோப்புக் கரைசல் காய்ந்த பின் அதற்கு வீரியம் இல்லை. இலையின் அடிப்புறம் நனையும்படி, 5 முதல் 7 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும்.

பூச்சி உடனே சாகவில்லை என்று அளவைக் கூட்டுவது

வேப்பெண்ணெயிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும். மறுநாள் காலை பூச்சிகள் உயிரோடு இருப்பதைப் பார்த்து இரு மடங்கு ஊற்றுபவர்கள், பூச்சிக்கு முன் செடியைக் கொன்றுவிடுகிறார்கள். அளவு சரிதானா என்ற ஐயம் இருந்தால் இரண்டு இலைகளில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தண்டுத்துளைப்பானுக்குத் தெளிப்பது

புழு தண்டுக்குள் இருக்கிறது. வெட்டி எறியுங்கள்.

மீந்த கரைசலைச் சேமிப்பது

வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். தண்ணீரில் கலந்த பின் நாளாக நாளாக அசாடிராக்டின் சிதைந்துகொண்டே போகும்.

புகையிலைக் கஷாயம்

இலைகளிலிருந்து எடுத்ததால் இது பாதுகாப்பானது என்று சொல்பவர்களிடம் நான் வாதிடுவதை நிறுத்திவிட்டேன். நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் நஞ்சு. அதோடு, புகையிலையில் தங்கியிருக்கக்கூடிய தேமல் நோய்க் கிருமி அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். பதப்படுத்தி உலர்த்திய புகையிலையிலும் அந்தக் கிருமி பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருக்கும் என்பதால், கஷாயம் வைப்பதற்காகப் புகையிலையைக் கசக்கிய கையால் தக்காளி நாற்றைத் தொடுவதுகூட ஆபத்துதான்.