மடிக்கணினியில் மைக் வேலை செய்யவில்லையா? செய்யக்கூடாத தவறுகள்

ஹெட்செட்டைச் செருகியும் மைக் எடுக்கவில்லை என்றால், பலரும் உடனே ஆடியோ டிரைவரை (ஒலிக் கருவிகளை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது; முதலில் பார்க்க வேண்டியது ஹெட்செட் வயரின் முனையில் இருக்கும் பின்னைத்தான்.

இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே 3.5 மி.மீ. ஜாக்தான் (பின்னைச் செருகும் துளை) இருக்கிறது. அதில் மைக் இயங்க வேண்டுமானால் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். மேசைக் கணினிக்கான பச்சை, இளஞ்சிவப்புப் பின்கள் கொண்ட ஹெட்செட்டின் இளஞ்சிவப்புப் பின்னை அதில் செருகிப் பார்த்துவிட்டு, மைக் கெட்டுவிட்டதாக முடிவுகட்டுவது தவறு. இரண்டையும் ஒன்றாக்கித் தரும் சிறிய இணைப்பான் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கான ஸ்பிளிட்டரும் பார்வைக்கு அப்படியே இருக்கும் என்பதால், மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்று வளையம் இருந்தும் சிக்கல் வரலாம். பின்னில் இணைப்புகளை அமைக்கும் பழைய ஓஎம்டிபி (OMTP) முறையில், இன்று பரவலாக உள்ள சிடிஐஏ (CTIA) முறைக்கு மாறாக, மைக் இணைப்பும் கிரவுண்டும் (பொது இணைப்பும்) இடம் மாறியிருக்கும். அத்தகைய ஹெட்செட்டில் பாடலின் இசை கேட்கும், பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடும். வயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் தெளியும். பின் முழுதாக உள்ளே போகாதபோதும் குரல் இப்படி மங்கும் என்பதால், ஒருமுறை அழுத்திச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் 11இல் தனியுரிமைப் பகுதியில் உள்ள மைக்ரோஃபோன் அனுமதியையும், விசைப்பலகையில் மைக்கை அணைக்கும் விசை இருந்தால் அதையும் மறக்காமல் பாருங்கள். ஒலி அமைப்பில் உள்ளீடாக வேறொரு மைக் தேர்வாகியிருப்பதும் உண்டு.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், பின் செருகப்பட்டதை உணரும் ஜாக்கின் தொடுமுனை சிக்கியிருக்கக்கூடும். தயவுசெய்து ஊசியையோ ஊக்கையோ உள்ளே விட்டுக் குடையாதீர்கள். மெல்லிய அந்தத் தகடு வளைந்தால் தூசியால் வந்த சிறு தொல்லை நிரந்தரப் பழுதாகிவிடும். கணினியை அணைத்துவிட்டு, பின்னைச் சில முறை செருகி எடுத்து, காற்றடித்துப் பாருங்கள். ஜாக் உடைந்தே போயிருந்தாலும் மதர்போர்டை மாற்ற உடனே சம்மதிக்க வேண்டாம்: பல மாடல்களில் ஜாக் தனிச் சிறு பலகையில்தான் இருக்கிறது, அதற்கும் வழியில்லை என்றால், யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றே வேலையை முடித்துவிடும்.