மீன் சாப்பிடும் நாளில் ஒரு பழம்

மீன் குழம்பு வைக்கும் நாளில் கொய்யாவோ ஆரஞ்சோ வாழைப்பழமோ ஒன்று சேர்த்துச் சாப்பிடுங்கள். மீனிலுள்ள பாதரசம் என்ற நச்சு உலோகம் உடலில் தங்குவதை அது குறைக்க வாய்ப்புண்டு.

பிரேசிலில் தபாஜோஸ் ஆற்றங்கரையில் தினமும் மீன் உண்ணும் பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். ஒரே அளவு மீன் தின்றவர்களில், பழம் அதிகம் சாப்பிட்டவர்களின் தலைமுடியில் பாதரசம் குறைவாக இருந்தது. உடலில் எவ்வளவு பாதரசம் சேர்ந்தது என்பதைத் தலைமுடி காட்டும். 2003-ல் வெளியான ஆய்வு இது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. நார்ச்சத்துக்குப் பங்கு இருக்கலாம். ஈரல் பாதரசத்தைப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது, குடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அந்தச் சுற்றை நார்ச்சத்து கொஞ்சம் தடுக்கக்கூடும். பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிடுங்கள். வடிகட்டிய ஜூஸில் நார் ஏது?

கழுவினாலும், தோலை உரித்தாலும், பொரித்தாலும் பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது.

சுறா, பெரிய சூரை மாதிரி பாதரசம் அதிகமுள்ள மீன்களுக்குப் பழம் ஈடாகாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சின்னக் குழந்தைகளும் இந்தக் குறிப்பை நம்பி அவற்றைச் சாப்பிடவே கூடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பாகச் செய்வதுதான், ஆனாலும் அதற்குப் பதில் மத்தி, நெத்திலி வாங்கிக் கொடுங்கள். சின்ன மீன், குறைந்த ஆயுள். பாதரசம் சேர அதற்கு நேரமில்லை. விலையும் குறைவு.