கோடை பண்பலையை வீட்டுக்குள் தெளிவாகக் கேட்க ஒயர் ஆன்டெனா செய்யும் முறை

மதுரையின் மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் நின்றிருந்த மீன்முள் ஆன்டெனாக்களில் பல கொடைக்கானலை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பு நாட்டின் பெரும்பகுதியில் நிறுத்தப்பட்டபின் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அதே மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கோடை பண்பலை இன்றும் நம் வீட்டுச் சுவர் வரை வந்து சேர்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் மதுரை வானொலியின் 103.3 எளிதாகக் கிடைத்துவிடும். 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோடைதான் கான்கிரீட் வீட்டுக்குள் இரைச்சலோடு ஒலிக்கும். அதைச் சீர்செய்யக் கொஞ்சம் ஒயரும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் நீளம். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் பாதியளவு கம்பி அந்த அலையை நன்றாக வாங்கும். கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்வதால் பாதியிலும் சிறிது குறைத்து, மொத்தம் 142 சென்டிமீட்டர், அதாவது ஒரு கைக்கு 71 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக்கல் கடையில் ஒட்டிய இரட்டை ஸ்பீக்கர் ஒயர் 3 மீட்டர் வாங்கி, ஒரு முனையிலிருந்து 71 சென்டிமீட்டர் வரை இரண்டு இழைகளையும் பிரித்து, மேலும் பிரியாதபடி அந்த இடத்தில் டேப் சுற்றுங்கள். பிரித்த கைகளை இருபுறமும் நேராக விரித்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம் கிடைக்கும். கீழே தொங்கும் ஒயரின் முனைகளைச் சீவி, ரேடியோவின் பின்புறம் ஆன்டெனாவுக்கென்று இரண்டு திருகுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு முனையை இணைக்கலாம். வெறும் இழுப்புக் கம்பி மட்டுமே உள்ள சிறிய ரேடியோவுக்கு இந்த ‘டி’ பொருந்தாது. 75 சென்டிமீட்டர் ஒற்றை ஒயரின் முனையைச் சீவி அந்தக் கம்பியில் சுற்றுங்கள். இன்னும் நீளமாகச் சுற்றினால் நல்லதென்று தோன்றும், ஆனால் உள்ளூர் நிலையங்களின் பலமான அலை கூடுதலாகப் புகுந்து கோடையையே அமுக்கிவிடக்கூடும்.

அடுத்தது திசை. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். விரித்த ஒயர் தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்கு வாங்கும். தன் இரு முனைகளின் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய வாங்காது. வடக்கைக் கடிகாரத்தின் 12 மணியாகக் கொண்டால், மதுரையிலிருந்து கொடைக்கானல் 10 மணித் திசையில் இருக்கிறது. எனவே ஒயர் 1 மணியிலிருந்து 7 மணித் திசைக்கு, ஏறத்தாழ வடக்கு தெற்காக, நீள வேண்டும். நேர் வடக்கு தெற்காகக் கட்டிய வீட்டில் மேற்குச் சுவர், அதிலும் ஜன்னலின் மேற்புறம், மிகப் பொருத்தமான இடம். ஜன்னலின் இரும்புக் கம்பியில் ஒயரைக் கட்டாதீர்கள். ஒயர் கிடைமட்டத்தில் சரிவரவில்லை என்றால் செங்குத்தாகவும் வைத்துப் பாருங்கள்.

செல்லூரில் நாங்கள் தரைத்தளத்தில் குடியிருந்தபோது, என் தாயார் அடுப்படியில் ஒயரைக் கையில் பிடித்தால் பாட்டு தெளிவாகும், விட்டால் இரையும். நம் உடலும் அலையைப் பாதிக்கிறது என்பதே காரணம். ஆகவே ஒயரைத் தற்காலிகமாக ஒட்டி, நான்கடி விலகி நின்று கேட்டபின் முடிவு செய்யுங்கள். ஒரு சாண் நகர்த்துவதுகூடப் பெரிய வேறுபாட்டைத் தரும், ஏனெனில் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. நாகமலை போன்ற குன்றை ஒட்டிக் குடியிருந்து, அந்தக் குன்று 10 மணித் திசையை மறைத்தால் கீழ்வீட்டில் பலன் குறையும். மாடி அறையில் முயல்வது நல்லது.

இவ்வளவு செய்தும் இரைச்சல் இருந்தால் வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளையும் போன் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் பல வேளைகளில் குற்றவாளிகளாக இருக்கும். ரேடியோவில் ஸ்டீரியோ, மோனோ பொத்தான் இருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள், பலவீனமான அலையில் இரைச்சல் உடனே தணியும். விளக்குகள் எல்லாம் எரியும் இரவு நேரத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் ஒயரைச் சுவரில் நிலையாக ஒட்டுங்கள்.