இங்கிலாந்தில் பிள்ளையை நர்சரியில் விடும்போது: அவர்கள் கேட்பதும் நாம் சொல்ல வேண்டியதும்

வீடு பிடித்து, ஜிபி என்ற குடும்ப டாக்டரிடம் பதிந்து, பிள்ளைக்கு நர்சரியில் இடமும் கிடைத்துவிட்டால் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருக்கும். ஆனால் முதல் வாரத்திலேயே நம்மவர்கள் பலர் முகம் வாடி வெளியே வருவதைப் பார்க்கிறேன். "நெற்றியில் என்ன காயம் என்று கேட்டு எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். நாங்கள் பிள்ளையை அடிக்கிறோம் என்று நினைக்கிறார்களா?" என்று கேட்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை: சோஷியல் சர்வீஸ்காரர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

நான் நர்சரியில் வேலை பார்க்கிறேன். அந்த ஃபார்மை நீட்டும் பக்கம் நிற்பவள். எந்த நாட்டுப் பிள்ளை வந்தாலும், உடம்பில் புதிதாக ஒரு காயம் தெரிந்தால் கேட்போம், எழுதுவோம். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பெரும்பாலும் விஷயம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும். மறைத்தாலோ, அம்மா ஒன்று சொல்லி அப்பா வேறொன்று சொன்னாலோதான் சிக்கல் தொடங்கும்.

இவ்வளவு எழுத்து வேலைக்குக் காரணம் உண்டு. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, உறவுக்காரப் பெண்மணியின் பொறுப்பில் லண்டனில் இருந்தபோது, சித்திரவதைப்பட்டு 2000 பிப்ரவரியில் இறந்தாள். டாக்டர்கள், போலீஸ், சமூகப் பணியாளர்கள் எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தகவல் இருந்தது. சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. லார்ட் லாமிங் தலைமையிலான விசாரணை அறிக்கை 2003இல் வந்தது, அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. இன்று ஒவ்வொரு நர்சரியிலும் 'சேஃப்கார்டிங் லீட்' என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். துண்டுத் தகவல்கள் எல்லாம் அவரிடம் போய்ச் சேரும். பெரும்பாலும் அவருடைய பெயரும் படமும் வாசல் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். முதல் நாளே அவரைத் தேடிப்போய் ஒரு வணக்கம் சொல்லி வையுங்கள்.

(நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் வேறு.)

சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்

பிள்ளைக்கு 'கீ பர்சன்' என்று ஒரு ஆசிரியையைத் தருவார்கள். வீட்டில் பிள்ளை பேசும் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பொருளும் போட்டு அவரிடம் கொடுங்கள்: மூச்சா, கக்கா, மம்மம், உவ்வா, தூக்கு, வேணாம். இரண்டரை வயதுப் பையன் கால்களை நெருக்கிக்கொண்டு "மூச்சா, மூச்சா" என்கிறான். ஏதோ பாட்டு என்று நினைத்து ஆசிரியையும் சிரித்துக்கொண்டே கூடச் சொல்கிறார். பையன் நனைத்துக்கொண்டு அழுகிறான். உடுப்பு மாற்றினால் அது சரியாகிவிடும். அதே பையன் "இங்க உவ்வா" என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டும்போது யாருக்கும் புரியாமல் போவதுதான் எனக்குப் பயம்.

மறைவான உறுப்புகளுக்கும் பிள்ளைக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் "ஷேம் ஷேம்" என்று சொல்லிப் பழக்குகிறோம். யாராவது தொட்டால் அதைச் சொல்லவும் பிள்ளை வெட்கப்படும். என்எஸ்பிசிசி என்ற குழந்தைகள் நல அமைப்பு 'பேன்ட்ஸ்' என்ற பெயரில் ஓர் எளிய பாடம் வைத்திருக்கிறது: ஜட்டிக்குள் இருப்பது உனக்கு மட்டும் சொந்தம், யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம், மனசை உறுத்தும் ரகசியத்தை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடு. இதைத் தமிழிலேயே வீட்டில் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்ற பட்டியல். அதில் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டோம். ஊரிலிருந்து வந்த தாத்தாவே மழையில் நனைந்துகொண்டு நின்றாலும் அப்படித்தான். அவசரம் என்றால் நீங்கள் போன் பண்ணி, வருபவரின் பெயரையும், நர்சரியில் முன்பே கொடுத்து வைத்திருக்கும் பாஸ்வர்டையும் சொல்லுங்கள். அவசரத்துக்கு அழைக்க ஒரு நம்பர் போதாது. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரையாவது சேர்த்துக் கொடுங்கள். பிள்ளை வராத நாளில் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வராத பிள்ளையைப் பற்றி விசாரிப்பது 2025 செப்டம்பர் முதல் கட்டாயம். ஊருக்கு ஒரு மாதம் போவதென்றால் டிக்கெட் போட்டவுடன் எழுத்தில் தெரிவியுங்கள்.

உடம்பில் இருக்கும் அடையாளங்கள்

நம் பிள்ளைகளுக்கு இது முக்கியம். பிறக்கும்போதே இடுப்பிலும் பின்பக்கத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு பல குழந்தைகளுக்கு இருக்கும். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம், வளர வளர மறைந்துவிடும். ஆனால் பார்த்த மாத்திரத்தில் கன்றிப்போன காயம் போலவே இருக்கும். இங்கே பிறந்த குழந்தை என்றால் 'ரெட் புக்' என்ற குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் பிறந்த குழந்தை என்றால் ஜிபியிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ (சின்னப் பிள்ளைகளின் நலம் பார்க்கும் நர்ஸ்) காட்டிப் பதியச் சொல்லுங்கள், நர்சரியிலும் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். டயப்பர் மாற்றும்போது ஒருவர் முதல்முதலாகப் பார்த்துத் திடுக்கிட்டு, மூன்று பேருக்குச் சொல்லி, உங்களுக்கு மத்தியானம் போன் வருவதைவிட இது எவ்வளவோ நல்லது.

வீட்டில் விழுந்து அடிபட்டிருந்தால், விடும்போதே சொல்லுங்கள்: "நேற்று சாயங்காலம் சோபாவிலிருந்து விழுந்தான், இங்கே வீங்கியிருக்கிறது." பிள்ளையின் உருவம் வரைந்த தாளில் இடத்தைக் குறித்து, நீங்கள் சொன்னதை எழுதி, கையெழுத்துக் கேட்பார்கள். படித்துப் பார்த்து, நீங்கள் சொன்னபடி இருந்தால் போடுங்கள். நர்சரியில் அடிபட்டாலும் இதே கதைதான்: என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தார்கள் என்று எழுதி அன்றே உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அரைஞாண் கயிறு, கொலுசு, கழுத்தில் தாயத்து, கையில் வசம்பு வளையல் எல்லாம் பற்றிக் கேட்பார்கள். கழுத்தில் இறுக்கும், வாயில் போய் அடைக்கும் என்பதுதான் கவலை. கழுத்திலும் கையிலும் இருப்பதை நர்சரி நேரத்துக்குக் கழற்றிவிடுவதே நல்லது. சில கண்மைகளில் ஈயம் இருக்கிறது, அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த மையைக் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு போடும் வழக்கம் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எந்த நல்ல எண்ணத்தில் செய்தாலும் இங்கே அது பிள்ளையை வதைத்த குற்றமாகவே பார்க்கப்படும். பழைய சூட்டுத் தழும்பு இருந்தால் எப்போது, யார், எதற்காகப் போட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடிப்பது பற்றி

நர்சரியில் யாரும் பிள்ளையை அடிக்கக்கூடாது, அடிப்பேன் என்று மிரட்டவும் கூடாது. வீட்டைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்தில் 2020 முதலும் வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் அடிப்பதும் தடை. இங்கிலாந்துச் சட்டம் 'நியாயமான தண்டனை' என்று ஒரு சின்ன இடைவெளி வைத்திருக்கிறது. அதை நம்பாதீர்கள். காயம் ஏற்பட்டால் அந்த வாதம் நிற்காது, கரண்டியையோ பெல்ட்டையோ எடுத்தால் வழக்கு வரலாம். சட்டத்தை விடுங்கள், மூன்று வயதுப் பிள்ளையை அடித்தால் அதற்குப் பயம்தான் மிஞ்சும். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தபிறகு இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"அம்மா அடிச்சாங்க" என்று பிள்ளை சொன்னால் நாங்கள் துருவிக் கேட்க மாட்டோம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்க மாட்டோம். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளை எழுதி சேஃப்கார்டிங் லீடிடம் கொடுப்போம். அவர் பெரும்பாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிட்டுப் பேசுவார். பிள்ளைக்கு ஆபத்து என்று நினைத்தால் மட்டும் உங்களிடம் சொல்லாமலே கவுன்சிலின் (உள்ளாட்சியின்) சமூகப் பணித் துறைக்குத் தகவல் கொடுப்பார்.

கவுன்சிலுக்குத் தகவல் போனால்

ஒரு வேலை நாளுக்குள் அடுத்து என்ன செய்வது என்று சமூகப் பணியாளர் முடிவெடுக்க வேண்டும். பல தகவல்கள் அத்தோடு முடிந்துவிடும். சிலவற்றில் 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்' என்று 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பேசுவார்கள். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். பெரிய தீங்கு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 47ஆம் பிரிவில் விசாரிப்பார்கள். அதற்குச் சம்மதம் தேவையில்லை.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும் அதிகாரம் நர்சரிக்குக் கிடையாது. சமூகப் பணியாளருக்கும் தன்னிச்சையாகக் கிடையாது, கோர்ட் உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் மட்டும் அதிகபட்சம் 72 மணி நேரம் பாதுகாப்பில் வைக்கலாம். பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் வைக்க உங்கள் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தால், சட்ட ஆலோசனை கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்க வழக்கு என்று வந்துவிட்டால், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெற்றோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தாலும் கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சா, தமிழ்நாட்டுப் பேச்சா என்றும் சொல்லுங்கள். கோயிலில் பார்க்கும் அண்ணனையோ, பத்து வயது மூத்த பிள்ளையையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

கணவனால் வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால், அதைப் பார்த்து வளரும் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கொள்கிறது. விசா அவர் பெயரில் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு இருக்கும் தங்கைகளுக்குச் சொல்கிறேன்: நர்சரி மேனேஜரிடம் தனியாகப் பேச இரண்டு நிமிடம் கேளுங்கள். குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணான 0808 2000 247இல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தெரிந்தவர் வீட்டில் விடுவது

நர்சரிக் கட்டணம் கட்டுப்படியாகாமல், "நம்ம அக்கா வீட்டில் விடுகிறோம், மாதம் இவ்வளவு கொடுக்கிறோம்" என்பது நம்மிடையே சகஜம். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தன் வீட்டில் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிப் பார்த்துக்கொள்பவர், நெருங்கிய உறவாக இல்லாவிட்டால், பதிவு செய்த சைல்ட்மைண்டராக இருக்க வேண்டும். பதிவு என்றால் அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களின் குற்றப் பின்னணியும் பார்க்கப்பட்டிருக்கும். அந்த அக்கா தங்கமானவராக இருக்கலாம். மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

28 நாளோ அதற்கு மேலோ பிள்ளையை வேறொருவர் வீட்டில் தங்க வைப்பதாக இருந்தால் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள், பெற்றோரின் அண்ணன் தம்பி அக்கா தங்கை போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒன்றுவிட்ட சித்தி நமக்குச் சித்திதான். சட்டத்துக்கு நெருங்கிய உறவு இல்லை.

நீங்கள் நர்சரியிடம் கேட்க வேண்டியவை

இதுவரை அவர்கள் கேட்பதைச் சொன்னேன். நம்மவர்கள் ஆசிரியரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார்கள், இங்கே அந்தத் தயக்கம் வேண்டாம். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள்: இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒருவர், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் எட்டுக்கு ஒருவர் (தகுதி பெற்ற ஆசிரியர் கூடவே வேலை செய்தால் 13 வரை). எல்லாருக்கும் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை முடிந்ததா, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எந்நேரமும் இருக்கிறாரா என்று கேளுங்கள். சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகள் எப்போதும் ஒருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் டப்பாவில் திராட்சை கொடுத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். முழு வேர்க்கடலையும் முந்திரியும் ஐந்து வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

போன் விதியையும் கேளுங்கள். பிளிமத் நகரில் ஒரு நர்சரி ஊழியரே போனில் பிள்ளைகளைத் தகாத படம் எடுத்தது 2009இல் தெரியவந்தது. அதற்குப்பின் ஊழியர்கள் சொந்த போனை அறைக்குள் கொண்டுவருவதைப் பல நர்சரிகள் தடுத்துவிட்டன. உங்களுக்கும் உள்ளே போனை எடுக்காதீர்கள் என்பார்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் உங்கள் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளும் விழுந்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில்கூடப் போடாதீர்கள். அதில் இருக்கும் ஒரு பிள்ளை, தேடி வரும் அப்பாவிடமிருந்து தாயோடு ஒளிந்து வாழும் பிள்ளையாக இருக்கலாம்.

ஒரு ஊழியர் பிள்ளையை முரட்டுத்தனமாக இழுத்ததைப் பார்த்தால், பிள்ளை யாரையோ கண்டு ஒடுங்கினால், மேனேஜரிடம் அன்றே சொல்லி, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். தேதியும் நேரமும் இருக்கட்டும். ஊழியர் மீது வரும் இப்படியான குற்றச்சாட்டு சரியாக விசாரிக்கப்படுகிறதா என்று மேற்பார்வையிடக் கவுன்சிலில் 'லாடோ' என்று தனி அதிகாரி இருக்கிறார், நர்சரி அவரிடம் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் நர்சரிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட்டுக்கு 0300 123 1231இல் பேசலாம். இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கவலை என்றால் என்எஸ்பிசிசியின் 0808 800 5000 இருக்கிறது, பெயர் சொல்லாமலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 999. எந்த எண்ணானாலும், இணைப்புக் கிடைத்ததும் முதலில் "தமிழ், இன்டர்பிரட்டர் ப்ளீஸ்" என்று சொல்லிக் காத்திருங்கள்.