மூட்டுவலி மாத்திரை போடும் முன் ஒரு முறத்தை எடுங்கள்

மருந்துக்கடையில் சாயங்காலம் 7 மணிக்கு மேல் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "தம்பி, முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடு."

போன வருடம் ஒரு அக்கா வந்தார். வயது 60 தாண்டியிருக்கும். இரண்டு காலும் கணுக்கால் வரை வீங்கியிருந்தன. "நடந்து நடந்து வீங்கிப் போச்சுப்பா" என்றார். பையிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். எலும்பு டாக்டர் மூட்டுத் தேய்மானத்துக்கு எழுதியது ஒன்று. பல் பிடுங்கியபோது கொடுத்தது ஒன்று, அதில் நான்கு மாத்திரை மிச்சம். தலைவலி வந்தால் போட்டுக்கொள்ள அவராகவே வாங்கி வைத்திருந்தது இன்னொன்று. முதலாவது ஏசெக்ளோஃபெனாக், இரண்டாவது டைக்ளோஃபெனாக், மூன்றாவது ஐபுப்ரோஃபென். "மூணும் வேற வேற வியாதிக்குப்பா" என்றார். வியாதிதான் வேறு. மாத்திரை மூன்றும் ஒரே குடும்பம். சில நாட்களில் மூன்றையும் போட்டிருக்கிறார்.

வலி மாத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தனியாக, சரியான அளவில், கொஞ்ச நாள் போட்டால் அது பெரும்பாலும் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளோடு அது சேரும்போதுதான் வம்பு. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். முதல்முறை அதை வாங்கி வந்தவர் வீட்டில் எப்படிப் போட வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: எல்லாவற்றையும் முறத்தில் கொட்டுங்கள்

முறம் இல்லாவிட்டால் தாம்பாளம். பீரோவில் இருப்பது, சாமி அலமாரியில் இருப்பது, ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் இருப்பது, கைப்பையில் கிடப்பது என்று ஒன்று விடாமல் கொட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிரஷர், சுகர் மாத்திரைகளும் இதில் சேர வேண்டும். லேபிள் இல்லாத பொட்டலம், "மூட்டுவலிக்குக் கைகண்ட சூரணம்" என்று யாரோ கொடுத்த டப்பா இருந்தால் அதையும் வையுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடி இரண்டே நாளில் வலியை நிறுத்தினால் எனக்குச் சந்தேகம் வரும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

படி 2: பெரிய எழுத்தை விடுங்கள், மருந்துப் பெயரைப் படியுங்கள்

அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை ஒட்டியோ பின்பக்கமோ மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். கண் தெரியவில்லையென்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது கடையில் கேளுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

தேட வேண்டிய பெயர்கள்: டைக்ளோஃபெனாக், ஏசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்ஸிப், செலிகாக்ஸிப், இண்டோமெத்தசின், பைராக்ஸிகாம், மெஃபனமிக் அமிலம், நிமிசுலைடு. இவை எல்லாமே வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் ஒரே வகை. ஒரே நேரத்தில் ஒன்றுதான். இரண்டு போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் சுமை கூடும்.

பாரசிட்டமால் இந்தக் குடும்பம் இல்லை. ஆனால் அதற்கு வேறு தொல்லை உண்டு. நம் ஊரில் ஏசெக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாரசிட்டமால் 325 மி.கி.யும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது ரொம்பச் சாதாரணம். அதைப் போட்டுக்கொண்டே காய்ச்சலுக்கு என்று தனியாகப் பாரசிட்டமால் 650 போடுவார்கள். மொத்தக் கணக்கு எங்கேயோ போய் நிற்கும், அடி கல்லீரலுக்கு விழும்.

அட்டையின் ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. டைக்ளோஃபெனாக் அட்டையை எடுத்துப் பாருங்கள், அந்தக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடைகள் இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கின்றன.

படி 3: நீங்கள் நிற்க வேண்டிய ஆளா என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் அதே வகைப் பொருள்தான். முட்டியில் மட்டும் நிறுத்து, மற்ற இடத்தை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது.

வயிற்றுக்கு ஆபத்தில்லாமல் செய்கிறோம் என்று வந்த ரோஃபிகாக்ஸிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபெனாக் கதை இன்னும் விசித்திரம். மாட்டுக்கு அதைப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் இந்தியா தடை போட்டது. ஏசெக்ளோஃபெனாக்கும் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காக மாறுவதால் 2023-இல் அதற்கும் தடை வந்தது. நாம் கழுகு இல்லை, நமக்கு அந்த அளவுக்குக் கேடு வராது. ஆனால் அந்தச் சிறுநீரகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முறத்துக்கு வாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் என்று ஏதாவது பிரஷர் மாத்திரை இருக்கிறதா? அதோடு ஹைட்ரோகுளோரோதையசைடு, ஃபுரோசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரையும் இருக்கிறதா? பல நேரம் இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். டெல்மிசார்டன் பெயருக்குப் பின்னால் ஆங்கில 'ஹெச்' எழுத்து ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான். இந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்று பக்கமிருந்தும் சிறுநீரகத்துக்கு நெருக்கடி. டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. அந்த அக்காவின் பையில் இருந்ததும் இதே கூட்டணிதான். வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றும், காலில் நீரையும் கோக்கும்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ, ஸ்டீராய்டோ, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோ இருந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். இதயத்துக்குத் தினம் போடும் சின்ன ஆஸ்பிரினின் வேலையை ஐபுப்ரோஃபென் மறித்துவிடவும் கூடும்.

மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்து அரைமணி, ஒருமணி நேரம் இறுக்கமாகவே இருக்கிறதா? இரண்டு கை விரல் கணுக்களும் வீங்குகின்றனவா? அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக, ஊரில் சொல்லும் சரவாங்கியாக இருக்கலாம். வலி மாத்திரை அதில் வலியை அமுக்கும், மூட்டு அரிப்பதை நிறுத்தாது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்க வேண்டும். காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து கொதித்தால் மாத்திரையைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 4: முதலில் ஜெல்

முட்டி வலியென்றால் டைக்ளோஃபெனாக் ஜெல்லிலிருந்து தொடங்குவது நல்லது. தடவுவதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் ஏறும். ஒரு முட்டிக்கு என்றால், மாத்திரையாகப் போடும்போது ஏறுவதில் சுமார் 6 சதவீதம். கை மூட்டுக்கும் சரிவரும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே தடவி அவ்வளவாகப் பலன் இருக்காது.

"தடவினேன், கேக்கலை" என்பவர்களிடம் டியூபைக் கொண்டுவரச் சொல்வேன். 30 கிராம் டியூப், மூன்று மாதமாகியும் பாதி இருக்கும். பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தடவினால் எப்படிக் கேட்கும்? ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 2 கிராமாவது வேண்டும், அதாவது நான்கு கோடு. ஒரு நாளைக்கு மூன்று வேளை தடவினால் டியூப் ஐந்தே நாளில் தீர வேண்டும். முன்பக்கம் மட்டும் தடவாமல் பக்கவாட்டிலும் பின்னாலும் தடவுங்கள். தடவியதும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் எரியும். அதன் மேல் வெந்நீர் ஒத்தடமும் கட்டும் வேண்டாம். முழுப் பலன் தெரிய ஒரு வாரம் கொடுங்கள்.

படி 5: மாத்திரை என்றால் குறைந்த அளவு, குறைந்த நாள்

டாக்டர் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். மேல் எல்லை தெரிந்திருந்தால் நல்லது: ஏசெக்ளோஃபெனாக் 100 மி.கி. நாளுக்கு இரண்டு வேளைதான். டைக்ளோஃபெனாக் எல்லாம் சேர்த்து 150 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. எட்டோரிகாக்ஸிப் மூட்டுத் தேய்மானத்துக்கு 30 அல்லது 60 மி.கி., நாளுக்கு ஒரு முறை. அதில் 120 மி.கி. அட்டை உண்டு; அது கவுட் என்ற யூரிக் அமில வலி திடீரென்று பிடிக்கும்போது, அதுவும் 8 நாளுக்கு மேல் போகாமல் போடுவது. பக்கத்து வீட்டு மாமா அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கு எட்டோரிகாக்ஸிப் ஆகவே ஆகாது.

ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்காமல் இருங்கள். மேல்பூச்சு உள்ள மாத்திரையையும் மெதுவாகக் கரையும் வகையையும் உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

படி 6: வயிற்றுக்குக் காவல்

சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். அல்சர் வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை, ஏனென்றால் மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகுதான் வயிற்றின் காவலைக் கெடுக்கிறது. ஊசியும் அப்படித்தான். "ஊசின்னா வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். பண்ணும்.

வயதானவர்களுக்கு டாக்டர் கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரஸோல், ஒமிப்ரஸோல் போல ஒன்று எழுதுவார். அது காலை டிபனுக்கு அரைமணி முன்னால் போட வேண்டியது. இட்லி சாப்பிட்டு முடித்து இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் பாதிப் பயன் போச்சு. ஜெலுசில் மாதிரி திரவம் எரிச்சலை அமுக்கும், புண்ணைத் தடுக்காது.

படி 7: மாத்திரைக்கு லீவு விடும் நாட்கள்

வாந்தி, பேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், வெயிலில் வேலை செய்து நாக்கு வறண்ட நாள். இந்த நாட்களில் உடம்பில் நீர் குறைந்திருக்கும், சிறுநீரகம் திணறும். வலி மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல் என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் சிக்குன்குனியாவும் கூடவே வரும், இரண்டிலும் மூட்டு வலிக்கும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டால் ரத்தக்கசிவுக்கு வழி விட்டதாகும். டெங்கு இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை பாரசிட்டமால் மட்டும்தான்.

மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுவென்று போனாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்றதோ வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ அப்போதே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது இதுவா அதுவா என்று வீட்டில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம். வயிற்று வலியே இல்லாமல்கூட உள்ளே கசியலாம். கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.

படி 8: காலண்டரில் புள்ளி

மாத காலண்டரில், மாத்திரை போட்ட நாளில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அன்று முட்டி என்ன வேலை செய்தது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை. தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பிரஷர் பாருங்கள். தொடர்ந்து போட வேண்டியிருந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு அதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சியையும் அதிலேயே குறிக்கலாம். எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது.

அந்த அக்கா இப்போது மாதக் கடைசியில் காலண்டர் தாளைக் கிழித்து மடித்துக் கொண்டுவருகிறார். அன்றைக்கே அவரை டாக்டரிடம் அனுப்பினேன். மூன்று அட்டையும் நின்றது, பத்து நாளில் வீக்கம் வடிந்தது. டாக்டர் ஜெல்லையும் பாரசிட்டமாலையும் எழுதிக் கொடுத்தார். போன மாதத் தாளில் 11 புள்ளி, எல்லாம் பாரசிட்டமால். அதில் ஐந்து அடுத்தடுத்த நாட்கள், பக்கத்தில் ஒரே வார்த்தை: "கல்யாணவீடு". மண்டபத்தில் சாப்பாடு மாடியிலாம், லிஃப்ட் வேலை செய்யவில்லையாம்.